ஆதரவு: இரண்டாவது ஷிப்ட்

அவளை ஊரில் எல்லோரும் லீடர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்சி, கொடி என்று நீங்கள் எங்கோ போய்விட வேண்டாம். கார்களுக்கும் லாரிகளுக்கும் உள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்பிய கம்பெனி ஒன்று அந்த ஊரில் இருந்தது. அதில் இரண்டாவது ஷிப்ட்டில், ஏழாம் நம்பர் லைனுக்கு அவள் லைன் லீடர். பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தாள். கம்பெனி மூடி ஆறு வருஷம் ஆகிறது. வேலை போய்விட்டது, பட்டம் மட்டும் போகவில்லை. புருஷன்கூடக் குளியலறையிலிருந்து, "லீடர், சோப்பு தீந்துபோச்சு" என்றுதான் குரல் கொடுப்பான். அவனும் அங்கே ஃபிட்டராக இருந்தவன்தான். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

லீடர் இப்போது அரசுப் பள்ளியில் லேப் அட்டெண்டர். நிரந்தரம் இல்லை, ஒப்பந்தம். பூட்டைத் திறப்பது, குடுவைகளைக் கழுவுவது, அமிலப் பாட்டில்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, மணி அடிப்பவர் வராத நாளில் மணியும் அடிப்பது. ஏழாம் லைனில் இருபத்திரண்டு பெண்களை மேய்த்தவளுக்கு இது உப்புக்குச் சப்பாணி வேலைதான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குச் சின்னது பெரியது கிடையாது. அவள் கழுவிய குடுவையில் ஒரு பொட்டு அழுக்கு இருந்ததென்று யாராவது சொன்னால் அவர்கள் கண்ணைத்தான் சோதிக்க வேண்டும்.

அவளை முன்கோபக்காரி என்பார்கள். தப்பு. கோபம் அவளுக்குத் தாமதமாகத்தான் வரும். வந்துவிட்டால் திரும்பிப் போக மனசில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான்.

கம்பெனி போன அடுத்த வருஷமே பள்ளியில் நான்கு பிரிவாக இருந்த ஒன்பதாம் வகுப்பு இரண்டாகச் சுருங்கிவிட்டது. பாதிக் குடும்பங்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டன. பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர்களும் குறைந்தார்கள். முதலில் கணக்கு சார் மாற்றல் வாங்கிப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபேன், ரேடியோ சாமான் விற்ற கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஒரு சின்ன சுவிட்ச் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் வர வேண்டும். இப்படிப்பட்ட ஊரில்தான், கம்ப்யூட்டர் டீச்சர் யார் யாருக்கோ மனுப் போட்டு, ஒரு ரோபோ பெட்டியை வரவழைத்தார். மோட்டார், சக்கரம், மூளை மாதிரி ஒரு சின்னப் பெட்டி, ஒரே ஒரு பேட்டரி. பள்ளிகளுக்கு இடையே வருஷத்துக்கு ஒரு போட்டி உண்டு, அதில் கலந்துகொள்ளத்தான் அது. ஆறு பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவி லீடரின் மகள். பதினோராம் வகுப்பு.

பெட்டி வந்த நான்காம் மாதம் கம்ப்யூட்டர் டீச்சருக்கும் மாற்றல் வந்துவிட்டது.

அணிக்குப் பொறுப்பாக ஒரு பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது போட்டி விதி. மிச்சமிருந்த ஆசிரியர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு வகுப்பைச் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தார்கள். யாரும் முன்வரவில்லை. பெட்டியைப் பூட்டி வைத்துவிடலாம் என்று தலைமையாசிரியர் சாவியைக் கேட்டபோது, லீடர் சாவியோடு படிவத்தையும் நீட்டினாள்.

"நான் போடறேன் சார் கையெழுத்து."

"ஏம்மா, உனக்கு ரோபோவைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. பெரியவங்க கை ரோபோமேல படவே கூடாதுன்னு அவங்க விதியே சொல்லுது. என்னைவிடப் பொருத்தமான ஆள் உங்களுக்கு எங்க சார் கிடைப்பாங்க?"

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் போனார்கள். முப்பத்திரண்டு அணிகளில் முப்பத்திரண்டாவதாக வந்தார்கள். ரோபோ பாதி ஆட்டத்தில் நின்றது, ஒரு தடவை பின்பக்கமாகவே ஓடியது. திரும்பி வரும் பஸ்ஸில் நடுவர்கள் கொடுத்த தாளை மகள் வாசித்தாள். கடைசி வரியில், "இன்னும் கூடுதல் முயற்சி தேவை" என்று எழுதியிருந்தது.

லீடருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். தோற்றதற்கு இல்லை, தோற்பது எல்லோருக்கும் உண்டு. முயற்சி என்ற அந்தச் சொல்தான் அவளைக் கொதிக்க வைத்தது. பக்கத்து மேஜையில் நின்ற நகரத்துப் பள்ளி அணியை அவள் நாள் முழுக்கப் பார்த்திருந்தாள். போட்டிக் களத்தைப் போலவே ஒரு களம் அவர்கள் பள்ளியிலேயே இருக்கிறதாம். எட்டு பேட்டரி. சனிக்கிழமைதோறும் இரண்டு என்ஜினியர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்களாம். ஒரு ரோபோ உடைந்தால் போட இன்னொரு ரோபோ. லைன் லீடர் மூளை சும்மா இருக்குமா? பஸ்ஸிலேயே அவள் கணக்குப் போட்டாள். நம் பிள்ளைகளிடம் ஒரு பேட்டரி. முக்கால் மணி நேரம் ஓடும், சார்ஜ் ஏற மூன்று மணி நேரம் ஆகும். பள்ளி விட்டபிறகு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஓட்ட முடியும். மின்சாரம் இருந்தால் அதுவும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும், இவர்கள் ஒரு வருஷத்தில் ஓட்டியதை அவர்கள் மூன்றே வாரத்தில் ஓட்டியிருப்பார்கள்.

மறுநாள் இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார்.

"கூடமே இல்லாதவ எங்க சார் ஆடுவா?" என்றாள் லீடர்.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரிம்மா. இன்னும் ஒரு வருஷம். மறுபடி கடைசியா வந்தாலோ, போட்டியிலேர்ந்து வெளியே அனுப்பினாலோ, பெட்டியைக் கல்வி அலுவலகத்துக்கே திருப்பிக் குடுத்துடுவேன். ஒடஞ்ச பெஞ்சு போட எனக்கு ரூம் வேணும்."

ரோபோ வைத்திருந்த அந்த அறையில்தான் அவள் மகள், யாரும் சொல்லித்தராமல், புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த அறை பெஞ்சுக் கிடங்காவதை லீடர் விடுவதாக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முன்பெல்லாம் திடீர் ஓவர்டைம் வந்தால் வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிடுவாளே, அதே நடை. தையல் கடைக்காரி இரண்டாவது ஷிப்ட்டில் டேப் சுற்றியவள். பழைய இரும்புக் கடைக்காரர் பேக்கிங்கில் இருந்தவர். மூடிய கம்பெனி வாசலில் இன்னும் காவல் உட்கார்ந்திருப்பவர் அதே ஷிப்ட்டில் டிராலி தள்ளியவர். "என்ன லீடர், கம்பெனி திறக்கறாங்களா?" என்று கேட்டார். "திறக்கறது நீங்கதான், சைக்கிள் ஸ்டாண்டை மட்டும்" என்றாள்.

வழவழவென்று சிமெண்ட் போட்ட நீளமான சைக்கிள் ஸ்டாண்ட் அது. அதில் பிள்ளைகள் போட்டிக் களத்தை அளவெடுத்துச் சாக்பீஸால் வரைந்தார்கள். மழைச் சாரல் அடித்தால் அழிந்துவிடும், மறுபடி வரைவார்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்கு அந்தக் களம் அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தையல் கடையில் பேட்டரி சார்ஜ் ஏறியது. நகரத்துக்குப் பிழைக்கப் போன ஷிப்ட்டுக்காரர்கள் இருவர் சேர்ந்து இன்னொரு பேட்டரி வாங்கி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்கள்.

ரோபோவின் கை மேலே நீள வேண்டும். அதற்குச் சறுக்கும் தண்டவாளம் மாதிரி ஒன்று தேவை. இரும்புக் கடைக்காரர், கம்பெனி ஏலத்தில் எடுத்த பழைய மேஜை ஒன்றிலிருந்து டிராயர் ஓடும் தகடுகளைக் கழற்றிக் கொடுத்தார். மேஜையைப் பார்த்ததும் லீடருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பர்சனல் ஆபீசர் மேஜை. மூன்று ஷிப்ட்டுக்கும் வேலை போன கடிதங்களை அந்த டிராயரிலிருந்துதான் அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கம்பெனி என்ற யானை விஷயத்தில் அது சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ரோபோவுக்கு டிராயர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் லீடர் பட்ட பாடு ஒன்று உண்டு. வயரின் முனையில் டெர்மினல் என்ற உலோக நுனியைப் பொருத்தி நசுக்குவது அவள் தூக்கத்திலும் செய்யும் வேலை. பிள்ளைகள் அதைத் தப்பும் தவறுமாகச் செய்யும்போது அவள் கை தானாக நீளும். "அம்மா, கை!" என்று மகள் அதட்டுவாள். உடனே லீடர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். பசித்தவளைப் பந்தியில் உட்காரவைத்து வாயைக் கட்டின கதைதான். விதி விதிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அணிக்குச் சட்டை வேண்டும் என்ற பேச்சு வந்தது. மற்ற அணிகள் அச்சடித்த டி-சர்ட்டில் வருவார்கள். இவர்களிடம் பள்ளிச் சீருடை மட்டும்தான். தையல் கடைக்காரிதான் யோசனை சொன்னாள். ஷிப்ட்டில் இருந்த ஒவ்வொருத்தி வீட்டிலும் கம்பெனியின் நீல ஓவர்கோட் ஒன்று பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. வாரா வாரம் துவைத்து வெயிலில் காய்ந்து வெளுத்துப்போன கோட்டுகள். ஆறு கோட்டை எடுத்துப் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டித் தைத்தாள். முதுகில் ஆரஞ்சு நூலில் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர் இருந்தது. அது பாட்டுக்கு இருந்தது.

பதிவுப் படிவம் வந்தது. "ஆதரவு தரும் நிறுவனம் அல்லது அமைப்பு" என்று ஒரு கட்டம். லீடர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கம்பெனி பெயரை எழுதினாள். அந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். வழி கேட்டால் இன்றைக்கும் "கம்பெனிக்கு எதுத்தாப்புல" என்றுதானே சொல்கிறார்கள். வயர் வேலை கம்பெனியுடையது, தரை கம்பெனியுடையது, டிராயர் கம்பெனியுடையது, கோட்டு கம்பெனியுடையது. வேறு எதை எழுதுவாள்? கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கிறது, நகரத்துக்கு வெளியே புதுக் கட்டடத்தில் அதே பெயரில் நன்றாகவே நடக்கிறது என்பது தெரியாமல் இல்லை. அவள் மனசில் அந்தப் பெயர் அந்தக் கட்டடத்துக்குச் சொந்தமாக இல்லை, அவ்வளவுதான்.

போட்டி நகரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி அரங்கில் நடந்தது. விடிவதற்கு முன் பஸ் பிடித்து, டிராயரை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். பதினோரு மணிக்குள் பரிசோதனை முடித்து அனுமதி வில்லை வாங்காத ரோபோவுக்குக் களம் கிடையாது. டிராயரை எடை போட்டார்கள், அளந்தார்கள். வயர் ஒவ்வொன்றையும் ஒரு நடுவர் சுண்டி இழுத்துப் பார்த்தார். ஒன்றும் கழன்று வரவில்லை. லீடர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. வில்லை ஒட்டப் போகும் நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் அம்மா வந்து நின்றார். கண்ணாடி போட்ட, பரபரப்பான மனுஷி.

"இந்த டீமுக்குப் பொறுப்பு யாரு? நீங்களா? கொஞ்சம் வாங்கம்மா."

அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர். லீடர் பார்த்தவுடன் தெரிந்துகொண்டாள். பர்சனல் ஆபீசர். முடி நரைத்திருந்தது, பதவியும் உயர்ந்திருந்தது. போன வருஷம் பக்கத்து மேஜையில் நின்ற நகரத்துப் பள்ளி அணிக்கு ஆதரவு தருவதே அந்தக் கம்பெனிதான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த எட்டு பேட்டரியும், சனிக்கிழமை என்ஜினியர்களும், எல்லாம்.

"படிவத்துல இவங்க பேரைப் போட்டிருக்கீங்க. பிள்ளைங்க முதுகிலயும் இருக்கு. கம்பெனிகிட்ட அனுமதிக் கடிதம் இருக்காம்மா?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"கடிதமா? கடைசியா அவங்க எனக்கு ஒரு கடிதம் குடுத்தாங்க. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு போட்டிருந்தது. வீட்ல இருக்கு, பரவால்லையா?"

வெள்ளைச் சட்டை சங்கடமாகச் சிரித்தார். "லைன் செவன்தானே நீங்க? ஞாபகம் இருக்கும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. பேருங்கறது எங்க சொத்து. எங்க டீம் ஒண்ணு இங்க இருக்கு, ரெண்டு டீம் ஒரே பேர்ல நின்னா குழப்பம். பேரை எடுத்துடுங்க, இல்ல சட்டையை மாத்திடுங்க. பிள்ளைங்க ஆடட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

"எடுக்கலைன்னா?"

ஒருங்கிணைப்பாளர் தயங்கினார். "விதிப்படி வில்லை குடுக்க முடியாதும்மா. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

மகள் பின்னாலிருந்து அவள் புடவைத் தலைப்பை இழுத்தாள். "அம்மா, சண்டை வேணாம். வெளிய அனுப்பிட்டா பெட்டி போயிடும்."

லீடருக்குக் காதெல்லாம் சுட்டது. பதினெட்டு வருஷம் முதுகில் சுமந்த பெயர். அதைப் போட்டுக்கொண்டு வா என்றதும் இவர்கள்தான், கழற்று என்பதும் இவர்கள்தான். ஒரு நிமிஷம் அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பையைத் திறந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். ஏழாம் லைன் பெண்கள் பர்ஸ் இல்லாமல் வெளியே போவார்கள், அது இல்லாமல் போக மாட்டார்கள்.

"கோட்டைக் கழட்டுங்கடி. உள்பக்கமாத் திருப்பி மேஜைமேல போடுங்க."

அது சங்கிலித் தையல். தெரியாதவர்கள் குத்திக் குத்தி எடுத்தால் நாள் முழுக்க ஆகும், துணியும் கிழியும். தெரிந்தவர்கள் கடைசி எழுத்தின் முடிச்சைக் கண்டுபிடித்து வெட்டி இழுத்தால் முதல் எழுத்துவரை சரசரவென்று வந்துவிடும். லீடர் முடிச்சைத் தடவிப் பார்த்து வெட்டினாள். இழுத்தாள். பக்கத்து மேஜைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஆறு கோட்டுக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. ஆரஞ்சு நூல் மேஜைமேல் குவிந்து கிடந்தது. அவள் அதை ஆறு சின்ன உருண்டையாகச் சுற்றி, வெள்ளைச் சட்டைக்காரர் கையில் வைத்தாள்.

"உங்க பேரு சார். சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க, ஆறு."

அவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பையிலும் போட முடியவில்லை, கீழேயும் போட முடியவில்லை.

பிள்ளைகள் கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார்கள். எல்லோரும் பார்த்தார்கள். வெளுத்துப்போன நீலத்தின் நடுவில், நூல் மூடியிருந்த இடம் மட்டும் வெயில் படாமல் புதுத் துணியாகக் கருநீலத்தில் இருந்தது. கம்பெனி பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே நின்றது. சொல்லப்போனால் ஆரஞ்சு நூலில் இருந்ததைவிட இப்போது நன்றாகவே படிக்க முடிந்தது.

"இன்னும் தெரியுதேம்மா," என்றார் அவர்.

"நூலை எடுத்துட்டேன் சார். வெயில் பண்ணினதை நான் எப்படிப் பிரிக்கிறது?"

ஒருங்கிணைப்பாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவசியத்துக்கு மேலேயே குனிந்து புரட்டினார் என்று லீடருக்குத் தோன்றியது. "தையல், அச்சு, ஒட்டுப்படம்னுதான் சார் போட்டிருக்கு. துணி வெளுத்ததைப் பத்தி ஒண்ணும் இல்லை," என்றார். பிறகு லீடரிடம், "படிவத்துலயும் பேரை மாத்தணும்மா. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. ஏதாவது ஒரு அமைப்பு பேரு சொல்லுங்க."

லீடர் பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தாள்.

"இரண்டாவது ஷிப்ட்டா? இது என்ன அமைப்பும்மா?"

"நாப்பத்தி மூணு பேரு. ஒருத்தர் கோட்டு குடுத்தாங்க, ஒருத்தர் இரும்பு குடுத்தாங்க, ஒருத்தர் தரையைத் திறந்துவிட்டாங்க."

"பதிவு பண்ணின அமைப்புதானா?"

"பதினெட்டு வருஷம் தினமும் ரெண்டு மணிக்குக் கார்டு அடிச்சுப் பதிவு பண்ணியிருக்கோம் மேடம். வேணும்னா சாரைக் கேளுங்க, ரிஜிஸ்டர் அவர்கிட்டதான் இருந்தது."

வெள்ளைச் சட்டைக்காரர் நூல் உருண்டைகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஒருங்கிணைப்பாளர் தட்டச்சு செய்தார். பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது டிராயருக்கு வில்லை கிடைத்தது.

விதி விளையாடும் என்பார்கள், குலுக்கல் சீட்டும் விளையாடும்போல. முதல் ஆட்டமே அந்த நகரத்துப் பள்ளி அணியோடுதான் விழுந்தது. கீழே கிடக்கும் பஞ்சுக் கட்டைகளை எடுத்து உயரமான அலமாரியில் அடுக்க வேண்டும். இரண்டரை நிமிஷத்தில் யார் அதிகம் அடுக்குகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. டிராயரை ஓட்டுபவளுக்கு நத்தை என்று பட்டப்பெயர், வீட்டுக்கு நெருப்புப் பிடித்தாலும் அவசரப்பட மாட்டாள். அதனாலேயே அவளை ஓட்டவிட்டிருந்தார்கள்.

அறிவிப்பாளர் மைக்கைத் தட்டினார். நகரத்துப் பள்ளியின் பெயரைச் சொன்னார், ஆதரவு என்று கம்பெனி பெயரைச் சொன்னார். கைதட்டல். பிறகு இவர்கள் பள்ளியின் பெயர். "ஆதரவு..." என்று தாளைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தினார். "ஆதரவு, இரண்டாவது ஷிப்ட்."

அரங்கில் சிரிப்பு ஓடியது. பிள்ளைகளின் முகம் சுருங்கியது.

லீடர் எழுந்தாள். யோசித்து எழவில்லை. கம்பெனியில் லைனை ஓடவிடுவதற்கு முன் சூப்பர்வைசர் ஷிப்ட்டைச் சொல்லிக் கூப்பிடுவார், லைன் லீடர் கையைத் தூக்கி ரெடி என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் பெல்ட் நகராது. பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாக மேலே போனது.

"ஏழாம் லைன் ரெடி!"

மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கப் பழகிய குரல். அரங்கில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. உடனே வாசல் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. "மூணாம் லைன் ரெடி!" கல்லூரிக் காவலாளி உடையில் நின்ற ஒரு மனுஷன் தொப்பியைக் கையில் பிடித்தபடி சொன்னார். கேண்டீன் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி ஓடிவந்தாள். "பேக்கிங் ரெடி லீடர்!" என்று கத்தும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று லீடர் பல தடவை யோசித்ததுண்டு. இங்கேதான் இருந்தார்கள், கதவைத் திறந்துவிட்டுக்கொண்டும் தட்டுக் கழுவிக்கொண்டும். அரங்கில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. நத்தை நிமிர்ந்து நின்றாள். கருநீல எழுத்துக்கள் ஆறு முதுகிலும் நேராயின.

மணி அடித்தது. நகரத்து அணியின் பளபளப்பான ரோபோ பாய்ந்தது. டிராயர் அலட்டிக்கொள்ளாமல் போனது, எடுத்தது, நீண்டது, அடுக்கியது. சாக்பீஸ் கோட்டில் ஆயிரம் தடவை போன பாதை அது. முதல் நிமிஷ முடிவில் இரண்டு பேரும் சமம். லீடர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் நிமிஷத்திலும் சமம். கடைசி நொடியில் அவர்கள் ஒரு கட்டையை வைத்துவிட்டார்கள். டிராயரின் கட்டை அலமாரியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

ஒரே ஒரு கட்டையில் தோற்றார்கள். எட்டு பேட்டரிக்கும் இரண்டு பேட்டரிக்கும் நடுவே வித்தியாசம் ஒரு பஞ்சுக் கட்டை. மகள் அழுதாள். லீடர் அவளைத் தேற்றவில்லை. "அழுதுட்டு வா. அடுத்த ஆட்டம் அரை மணியில இருக்கு" என்றாள்.

மிச்சமிருந்த ஐந்து ஆட்டத்தில் நான்கில் ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறிவிப்பாளர் "இரண்டாவது ஷிப்ட்" என்று சொல்லச் சொல்ல, ரெடி என்ற குரல்கள் கூடிக்கொண்டே போயின. நான்காவது ஆட்டத்தில் பக்கத்து மேஜைப் பிள்ளைகளே சேர்ந்து கத்தினார்கள். மாலையில் பட்டியல் போட்டபோது முப்பத்திரண்டில் ஒன்பதாவது. லீடர் தலைமையாசிரியருக்குப் போன் போட்டாள்.

"ஒன்பதா? மேலேயிருந்தா, கீழேயிருந்தா?" என்றார் அவர்.

"மேலேயிருந்து சார். பெஞ்சுக்கு வேற ரூம் பாத்துக்குங்க."

டிராயரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். பக்கத்தில் புகைப்படக்காரர் ஒருவர். அவர் குரலில் நிஜமாகவே ஒரு மரியாதை இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அசத்திட்டாங்கம்மா பிள்ளைங்க. அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு லெட்டர் போடுங்க. மேல பேசி ஆதரவுக்கு ஏற்பாடு பண்றேன். எங்க பேரையே போட்டுக்கலாம்."

பிள்ளைகள் லீடரைப் பார்த்தார்கள். எட்டு பேட்டரி என்பது சின்ன விஷயம் இல்லை. அவளுக்கும் அது தெரியும். வாசலில் காவலாளியும் கேண்டீன்காரியும் அவளை வழியனுப்பக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பேட்டரி குடுக்கறதா இருந்தா குடுங்க சார், வாங்கிக்கறோம். எங்களுக்குச் சேர வேண்டியதுதான்," என்றாள் லீடர். "ஆனா படிவத்துல உங்க பேருக்கு இடம் இருக்காது. மொதல் ஷிப்ட்டையும் மூணாவது ஷிப்ட்டையும் போடணும்."